வெட்டாமல் விட்ட துணி

செய்தி வந்தபோது மாலை நாலு மணி. கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் போனில் வந்தார்.

"மச்சான், வீட்டுக்கு வந்துடு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அக்கா டீ வேணும்னு கேட்டா. போட்டு எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள..."

ஒரு மாணவி புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வாங்கி, தேதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

வீட்டு முன்னறையில் தையல் மிஷினின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் கட்டிலையும் அங்கேதான் போட்டிருந்தோம். அக்கம்பக்கத்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். லாண்டரிக்காரர் நாற்காலிகளை எடுத்துவந்து போட்டார். அந்த விளக்கை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீ ஜன்னல் மேடையில் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

என் அக்கா தையல்காரி. புதுத் துணி தைப்பவள் இல்லை, ஆல்டரேஷன் மட்டும்தான். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, தொளதொளக்கும் சட்டையைப் பக்கவாட்டில் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. தெருவைப் பார்த்த எங்கள் முன்னறைதான் கடை. ஒரு பக்கம் லாண்டரி, மறுபக்கம் சைக்கிள் ரிப்பேர். உள்ளே இரண்டு மிஷின், வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, திரைச்சீலை போட்ட ஒரு மூலை. கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவளை நான் பார்த்ததே குறைவு. ஒருமுறை யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ அதோடேயே போய்விட்டாள். "மாலை போட்டுட்டு வந்தவ மாதிரி இருந்துச்சு, நல்லதுதான்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்தச் சட்டையைப் பிடித்தாலும், உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட மாட்டாள். மடித்து, உறுத்தாமல் தட்டையாகத் தேய்த்து, உள்ளேயே விட்டுவிடுவாள். மற்ற தையல்காரர்கள் சரக்கென்று வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். அக்காவுக்கு அது பிடிக்காது.

"உடம்பு என்ன, ஒரே மாதிரியா இருக்கு? இன்னிக்கு இளைக்கும், நாளைக்குப் பெருக்கும். வெட்டிட்டா அதோட முடிஞ்சுது. விட்டு வச்சா, திரும்ப வரும்போது பிரிச்சு விடலாம்."

இந்த நம்பிக்கையில் பல வருஷமாகப் பலன் கண்டவர் ஒரு பஸ் டிரைவர். வருஷா வருஷம் அதே காக்கிப் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். அக்காவும் பிரித்து விட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு நாள் பேன்ட்டை உள்புறமாகத் திருப்பி அவர் முன்னால் போட்டாள்.

"அண்ணே, நல்லாப் பாத்துக்குங்க. இதுக்குமேல துணி இல்ல. இனிமே நீங்கதான் உள்ள போகணும்."

"நான் எங்கம்மா உள்ள போறது? ஸ்டியரிங்கே என்னைப் பாத்து நகந்து உக்காருது."

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆபரேஷன் செய்தார்கள். அது போனதோ இல்லையோ, வேறு இடத்துக்குப் பரவியிருந்தது. சிகிச்சை எல்லாம் அடுத்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். விடியும் முன்னே பஸ் ஏற வேண்டும். போகும் வழியெல்லாம் அவளுக்குக் குமட்டும். அத்தான் பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் நீள வராந்தா, இரும்பு நாற்காலிகள், கூப்பிடும் வரை காத்திருப்பு. கூப்பிட்டதும் உள்ளே போனால், டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுவார், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பேசுவார். அவர் மேல் தப்பில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

திரும்பி வந்து இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். "நோயை விட இந்த பஸ்தான்டா என்னைக் கொல்லுது" என்பாள்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் புது ஏற்பாடு வந்தது. மருந்தை மாத்திரையாக மாற்றி கூரியரில் அனுப்பினார்கள். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வந்தார். டாக்டர் போனில், முகம் பார்த்துப் பேசுவார். அக்காவுக்குக் கிடைத்த விடுதலையை எப்படிச் சொல்வது! முதல் தடவை அழைப்பு முடிந்ததும் அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தீங்களா? ஊர் விட்டு ஊர் நாம போய்ப் பாத்த டாக்டர், இப்போ நம்ம கடைக்கே வந்துட்டுப் போறாங்க. என்ன, துணி மட்டும் கொண்டு வரல."

அந்த அழைப்புகளுக்கு அவள் தயாராவதே தனி அழகு. நூல்கண்டுப் பெட்டியை வெட்டு மேஜையில் வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைப்பது என் வேலை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கண்ணாடி பின்னால் தெரியக்கூடாது. நல்ல சுடிதார் சட்டை ஒன்றைத் தேய்த்துப் போட்டுக்கொள்வாள். டாக்டர் வரும்வரை கையில் ஏதாவது பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நோயாளியாக இருந்தவள் இங்கே கடைக்காரியாக இருந்தாள். இன்னொன்றும் இருந்தது. திரையில் டாக்டர் அவளைத்தான் பார்த்தார், வேறெங்கும் பார்க்கவில்லை. நேரில் இருந்தபோது கிடைக்காத பார்வை அது. "எவ்வளவு சின்னப் பொண்ணுடா! நேர்ல பாத்தப்போ தெரியவே இல்லையே" என்று வியந்தாள்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். இந்த மாதிரி வீட்டிலிருந்தே பார்ப்பது திருப்தியாக இருக்கிறதா என்று எல்லா நோயாளிகளிடமும் கேட்கிறார்களாம்.

"ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் போடுவீங்கம்மா?"

"பத்து. அதுக்குமேல இருந்தா அதையும் போட்டுக்குங்க."

"குறைன்னு ஏதாவது இருக்கா? தயங்காம சொல்லலாம்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "குறைன்னா... டாக்டரம்மாவோட வெள்ளைக் கோட்டு. தோள் ரெண்டும் இறங்கிக் கிடக்குது. அண்ணனோட கோட்டைப் போட்டுட்டு வந்த தங்கச்சி மாதிரி இருக்காங்க. பாக்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரங்குது."

அந்தப் பக்கம் நர்ஸ் சிரித்த சிரிப்பு எங்கள் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த அழைப்பில் டாக்டர் வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "என் சேவையில குறை இருக்குன்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கே?"

"அய்யோ, உங்க சேவையில இல்ல டாக்டர், உங்க சைஸ்ல. யார் கொடுத்த கோட்டு அது?"

"ஆஸ்பத்திரி கொடுத்தது. ஒரே அளவுதான் வரும்."

"ஒரே அளவுல எல்லாருக்கும் மருந்து கொடுப்பீங்களா? நேர்ல பாக்கும்போது கழட்டிக் கொடுங்க. ஒரு மணி நேர வேலை."

டாக்டர் சிரித்தபடி, "எடை பாத்தீங்களாம்மா?" என்றார்.

"சட்டை எல்லாம் சரியா இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா.

அது பொய்யில்லை. சட்டை சரியாகத்தான் இருந்தது. உடம்பு இளைக்க இளைக்க, அவள் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தாள். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. தொளதொளவென்று ஒரு துணி உடம்பில் தொங்குவதை அவளால் சகிக்க முடியாது, அதுவும் தன் உடம்பில். காலையில் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பாள். பக்கவாட்டில் விரலால் கிள்ளிப் பார்ப்பாள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கழற்றி, மிஷினில் ஓட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்வாள். பல் தேய்ப்பது போல அது ஒரு காலை வேலை. தினமும் கூட இருந்த எங்களுக்கே தெரியவில்லை என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் எப்போது பார்த்தாலும் அளவெடுத்தது போல உடுத்தியிருப்பவள் இளைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது கண்ணுக்கு உறைக்கவில்லை. திரையில் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் பார்த்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

நர்ஸ் சொன்னாள் என்று அத்தான் எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வந்திருந்தார். அக்கா அதைத் தொடவே இல்லை.

"கழுத்துல டேப் இருக்கும்போது தராசு எதுக்கு? நான் என்ன உருளைக்கிழங்கா?"

"உருளைக்கிழங்கா இருந்தா உரிச்சாவது பாக்கலாம். நீ எதுக்கும் மசிய மாட்டேங்கற" என்றார் அத்தான். தராசு மேஜைக்கு அடியில் போய், வெட்டுத் துணி மூட்டைக்கு மேடையாக உட்கார்ந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்குக் கஷ்டம் அதிகமானது. வாயெல்லாம் புண். விரல் நுனி மரத்துப்போயிற்று. ஊசியைப் பிடித்திருக்கிறோமா, கீழே விழுந்துவிட்டதா என்று அவளுக்கே தெரியாது. கீழே குனிந்து காந்தத்தை உருட்டித் தேடுவாள். வாந்தி நிற்கவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைகளை மறுபடி மறுபடி பார்த்தார். "இந்த அளவு மருந்துக்கு உங்களுக்கு இவ்வளவு படுத்தக்கூடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள், பேச்சின் நடுவே நிறுத்தினார். "கொஞ்சம் எழுந்து நில்லுங்கம்மா. பின்னாடி தள்ளி நில்லுங்க. முழுசாப் பாக்கணும்."

அக்கா நின்றாள். ஊதாப்பூ நிறச் சட்டை. பக்கவாட்டில் திரும்பச் சொன்னார், திரும்பினாள். சட்டை கச்சிதமாக இருந்தது. டாக்டர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார்.

"இந்தச் சட்டையைத்தானே முதல் தடவை போன்ல பேசினப்பவும் போட்டிருந்தீங்க?"

"ஆமா டாக்டர். நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே."

"அப்பவும் இதே மாதிரிதான் பொருந்தி இருந்துச்சு." பிறகு மெதுவாகக் கேட்டார். "உள்பக்கம் கொஞ்சம் காட்டறீங்களா? பக்கத் தையலை."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சட்டையின் ஓரத்தை மடித்து, உள்பக்கத்தைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே விட்டிருந்த துணி, ஒரு கை அகலத்துக்கு மடிந்து கிடந்தது. அதில் ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தையல் கோடுகள். பழையவற்றை அவள் பிரித்திருக்கவில்லை.

"ஏம்மா வெட்டாம விட்டீங்க?" என்றார் டாக்டர்.

"உடம்பு திரும்ப வரும்போது பிரிச்சு விடலாம்னுதான்."

அத்தான் எழுந்து போய் மேஜைக்கு அடியிலிருந்து மூட்டையைத் தள்ளி, தராசை இழுத்தார். துடைத்து வைத்தார். அக்கா அதன்மேல் ஏறி நின்றாள். முள் நின்ற இடத்தை அத்தான்தான் படித்துச் சொன்னார். திரும்பவும் குனிந்து பார்த்தார். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"உடம்பு எடைக்குத் தகுந்த மாதிரிதாம்மா மருந்து அளவு போடறது" என்றார் டாக்டர். "பழைய எடைக்கே கொடுத்துட்டு வந்திருக்கோம். நீங்க தாங்கக்கூடியதை விட அதிகம். அதான் இவ்வளவு கஷ்டம்."

"ஏமாத்தணும்னு பண்ணல டாக்டர்."

"தெரியும்மா. நான்தான் கேட்டிருக்கணும். சட்டையைப் பாத்துட்டு விட்டுட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கே மாத்திரையை நிறுத்துங்க. ஒரு தடவை நேர்ல வாங்க. ஸ்கேன் எடுக்கணும்."

அக்கா முகம் அப்போதுதான் மாறியது. எடையைக் கேட்டபோதுகூட மாறவில்லை. "வந்தா என்னை அங்கேயே வச்சுக்குவீங்க" என்றாள். "படுத்துட்டு அந்த சீலிங்கைப் பாத்துட்டே போகச் சொல்லாதீங்க டாக்டர். எனக்கு என் கடை போதும். நீங்க இதுல வந்தா போதும்."

"வாங்கம்மா. பாத்துட்டுப் பேசலாம்."

பஸ் வேண்டாம் என்று டிரைவர் அண்ணன் தன் தம்பியின் காரை ஏற்பாடு செய்தார். பின் சீட்டில் அக்கா அத்தான் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எங்களை வராந்தாவில் காக்க வைக்கவில்லை. தன் அறையில் கதவைச் சாத்திவிட்டு, அக்காவுக்கு எதிரே இல்லாமல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

"மருந்து வேலை செய்யலம்மா. அளவு சரியா இருந்திருந்தாலும் இது நின்னிருக்காது. கஷ்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். இனிமே மாத்திரை வேண்டாம். வலிக்கு மட்டும் தர்றேன்."

அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் கேட்டாள்: "அப்போ நான் வீட்டுக்குப் போகலாமா?"

"போகலாம். வாரா வாரம் நான் போன்ல வர்றேன். நீங்க இங்க வர வேண்டாம்."

அக்கா சிரித்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. எழுந்து நின்றவள் டாக்டரின் தோளில் கை வைத்தாள். ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு விரற்கடை இறங்கியிருக்கு" என்றாள்.

டாக்டர் கோட்டைக் கழற்றி, பையிலிருந்த பேனாவையும் சீட்டுகளையும் எடுத்துவிட்டு, மடித்து அவள் கையில் கொடுத்தார். "நேர்ல பாக்கும்போது கழட்டிக் கொடுங்கன்னு சொன்னீங்களே."

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கத்தரிச் சத்தம் கேட்டது. வெட்டு மேஜையில் பெரிய கத்தரி ஓடும் சத்தம், எனக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய சத்தம். அக்கா தன் ஊதாப்பூ நிறச் சட்டையை உள்புறம் திருப்பிப் போட்டு, பக்கத் தையலை ஒட்டி, மிஞ்சின துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் கோடுகளோடு அது நாடா நாடாவாகத் தரையில் விழுந்தது.

அத்தான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் வெட்டற?" என்றார்.

"படுத்தா விலாவுல உறுத்துதுங்க. எலும்புதானே இருக்கு."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனார். லாண்டரி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கீழே கிடந்த துணியைப் பொறுக்கப் போனேன். "விடுடா, அப்புறமா பெருக்கிக்கலாம்" என்றாள் அக்கா. அடுத்த சட்டையை எடுத்தாள். பீரோவில் இருந்த எல்லாவற்றையும் அன்றே வெட்டி முடித்தாள்.

பிறகு கோட்டை எடுத்தாள். தோளை ஏற்ற வேண்டும் என்றால் கையைப் பிரித்து, தோளைக் குறைத்து, கையை மறுபடி சுற்றி வைத்துத் தைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று சொன்னதுதான். விரல் மரத்திருந்ததால் ஊசி நிற்கவில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சம் செய்வாள், படுத்துக்கொள்வாள். நூல் கோப்பது என் பொறுப்பானது.

"டாக்டர் பாவம், கோட்டு இல்லாம குளிருல நடுங்கிட்டு இருப்பாங்க" என்று அத்தான் சீண்டுவார்.

"வேற கோட்டு இருக்கும். அதையும் நான்தான் சரி பண்ணணும்."

வாரா வாரம் டாக்டர் திரையில் வந்தார். நூல்கண்டுப் பெட்டிக்கு இப்போது வேலை இல்லை. அக்கா படுத்திருக்க, நான் போனைக் கையில் பிடித்துக்கொள்வேன். கை கடுத்தால் அத்தான் வாங்கிக்கொள்வார். வலி எப்படி, தூக்கம் எப்படி, வாய் எப்படி என்று டாக்டர் கேட்பார். பிறகு கேள்விகள் தீர்ந்துபோகும். அப்படியும் அவர் வைத்துவிட மாட்டார். ஒரு வாரம் பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் குரல் எங்களுக்கே கேட்டது. அவர் திரும்பவில்லை.

கடைசி அழைப்பில் அக்கா தானாகவே சொன்னாள். "அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க டாக்டர். என் மார்க்கு பத்துதான். குறைக்க வேண்டாம்."

"நான் உங்களுக்கு அவ்வளவு செய்யலம்மா."

"என் கடைக்கு வந்தீங்க இல்ல?" என்றாள்.

அவள் போன அன்றே டாக்டருக்கு நான் செய்தி சொன்னேன். போனை எங்கே சாய்த்து வைப்பது என்று தெரியாமல், பழக்கத்தில் நூல்கண்டுப் பெட்டிமேல் வைத்துவிட்டேன். திரையில் அவர் வந்தார். வெறும் சட்டையோடு இருந்தார். வலித்ததா என்று கேட்டார். இல்லை, டீ கேட்டாள் என்றேன். அதன்பிறகும் அவர் அழைப்பை வைத்துவிடவில்லை. கோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

டிரைவர் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். காக்கிப் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்து இழுத்துக் காட்டினார், பிறகு லாண்டரிக்காரர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்களின் துணிகளை ஒவ்வொன்றாக நானும் அத்தானும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். முன்னறைக் கம்பியில் இப்போது ஒன்றுதான் தொங்குகிறது. வெள்ளைக் கோட்டில் இடது தோளை ஏற்றிக் கையை வைத்துத் தைத்தாயிற்று. வலது கை பிரித்து எடுத்தபடி மேஜைமேல் கிடக்கிறது. வலது தோளில் சாக்பீஸ் கோடும், அதன்மேல் அவள் குத்திய குண்டூசிகளும் அப்படியே இருக்கின்றன.